கண்ணுக்கு ஒரு வீணை, காதுக்கு ஒரு வீணை

கொக்குவிலிலிருந்து அன்பர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்துள்ளார். தம் புதல்வன் உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியெய்தினால் விலையுயர்ந்த கிற்றார் ஒன்று வாங்கித் தருவதாக அவர் வாக்களித்திருந்தாராம். பையனும் சித்தியெய்திவிட்டான். இப்பொழுது ஒரு கடைக்காரர் ஈட்டி மரத்தாற் செய்ததே சிறந்தது என்கிறார். இன்னொருவர் மகோகனியே சிறந்தது என்கிறார். பையனோ கண்ணாடிபோல் மினுங்கும் ஒன்றைக் கண்டு அதனருகை விட்டு அசைய மறுக்கிறான். "எந்த மரம், எந்த மெருகு, எந்த நாதம்? கையிலுள்ள காசு வீணாகாதபடி ஒரு வழி சொல்லுங்கள்" என்று அன்பர் கடிதத்தை முடித்திருக்கிறார்.

கிற்றாரைக் கையிலெடுத்து ஒரு சுரம் மீட்டவும் நாம் அறியோம். ஆயினும், வீணை வாங்கிக் கெட்ட கதை ஒன்றும், பின்னர் வீணை வாங்கித் தேறிய கதை ஒன்றும் எம்மிடம் உண்டு. கிற்றாரும் வீணையும் வேறுவேறு நாட்டுப் பிள்ளைகளாயினும், மரமும் தந்தியும் சேர்ந்து பெற்றவை என்ற வகையில் உறவுமுறையானவையே. ஆகவே எமது கதையைச் சொல்லுகின்றோம். அன்பர் தமக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்வாராக.

எமது புதல்வி எட்டு வயதில் வீணை பயிலத் தொடங்கினாள். ஆறு மாதம் ஆசிரியை வீட்டு வீணையிற் பயின்ற பின்னர், சொந்த வீணை வேண்டும் என்ற பேச்சு வந்தது. அந்நேரம் பழைய வீணை ஒன்று விலைக்கு வந்திருப்பதாக அறிந்து பார்க்கப் போனோம். உறையை நீக்கியதும் எமது கண்கள் கூசின. யாளி முகம் முழுவதும் பொன்வர்ணம். குடத்தைச் சுற்றிக் கொடியும் பூவும் மயிலும். மேலே முகம் பார்க்கத்தக்க மெருகு. கால்மணி நேரத்தில் விலை பேசி முடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சுவாமி அறை வாயிலில் வைத்தோம். அயலவர் பலரும் வந்து பார்த்துச் சென்றனர். எமக்கும் அதிற் சிறிது பெருமை என்பதை மறைப்பானேன்?

அடுத்த ஆண்டிற் பிள்ளை வீணையருகே செல்வது குறையலாயிற்று. முதலில் தலையிடி என்றாள், பின்னர் பாடசாலை வேலை என்றாள், முடிவில் ஒருநாள் அழுதுகொண்டே, "அப்பா, எனக்குச் சங்கீதம் வராது. நான் எப்படி வாசிச்சாலும் சுரம் பிழையாத்தான் கேட்குது" என்றாள். நாம் என்ன செய்தோம்? பயிற்சி போதாது என்று அரைமணி நேரம் உபதேசம் செய்தோம்.

நல்லவேளையாக, ஆசிரியை எமது இல்லத்துக்கு வந்தார். வீணையை மடியில் வைத்துச் சாரணித் தந்தியை மீட்டினார். மெட்டுகள் ஒவ்வொன்றாக மேலே சென்றார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு கமகம் பிடித்தார். பின்னர் குடத்தை விரல்மூட்டினால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பிள்ளையில பிழை இல்லை, மாஸ்ரர். வீணையிலதான் பிழை" என்றார்.

தண்டி சிறிது வளைந்திருந்தது. அதனால் மேல்மெட்டுகளிற் சுரம் தன் இடத்தில் நில்லாமல் விலகிற்று. தந்தி இழுபட்ட போதெல்லாம் இரைந்தது. குடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அதனை மக்கு வைத்து அடைத்து, அதன்மேல் அழகிய மயில் ஒன்றை வரைந்துவிட்டிருந்தனர். நாம் பெருமையுடன் ஊராருக்குக் காட்டிய மயில் அதுவே! மாணாக்கரின் பிழைகளை நாள்தோறும் சிவப்பு மையினால் திருத்தும் நாம், எமது பிழைக்காக ஒரு குழந்தை ஓராண்டு தண்டனை அனுபவித்ததை அறியாதிருந்தோம். பொல்லாத வாத்தியத்தினால் வரும் நட்டம் பண நட்டம் மாத்திரம் அன்று. தன் காதிலும் கையிலும் பிள்ளைக்கு இருந்த நம்பிக்கையையும் அது கொண்டுபோய்விடுகின்றது.

இச்செய்தி ரொறன்ரோவில் வசிக்கும் எமது மைத்துனருக்கு எட்டியது. அவர் தொலைபேசியில், "மச்சான், விலையைப் பார்க்க வேண்டாம். தஞ்சாவூருக்கே போய் வாங்குங்கோ. மேடையில வைச்சால் சனம் வாயில விரல் வைக்க வேணும்" என்று கூறிப் பணமும் அனுப்பிவைத்தார். பிரயாணத்துக்கு முன் சில மாதங்கள் இருந்தன. சூடுகண்ட பூனையாகிய நாம், இம்முறை கொஞ்சம் படித்துக்கொண்டு போவதென்று தீர்மானித்தோம். படித்தவற்றுட் சில வருமாறு.

இன்று நாம் காணும் வீணைக்குத் தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவம் நிலைபெற்றது என்பர். 24 மெட்டுகளை அசையாமற் பதித்து, எந்த இராகத்தையும் ஒரே வீணையில் வாசிக்க வகை செய்தமையால், அதற்கு இரகுநாத வீணை என்றும் பெயர். வாசிப்பதற்கு நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. மெட்டுகள் வெண்கலம், அவை பதிந்திருப்பது கரித்தூள் கலந்த தேன்மெழுகில். மரமோ பலா. தஞ்சாவூரார் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடி வாங்குவர். 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பலாவைப் பற்றி எம்மவர்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்மராட்சிப் பலாப்பழத்தின் சுவையை அறியாதார் யார்? அனுமதியின்றிப் பலாவைத் தறிக்கலாகாது என்று இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அம்மரம் அதிக பாரமுமின்றி அதிக மென்மையுமின்றி நடுத்தரமானது. கறையான் எளிதில் அணுகாதது. தட்டினால் மணிபோற் பதில் சொல்வது. எமது கோயில்களில் முழங்கும் தவிலுக்கும், கச்சேரி மிருதங்கத்துக்கும் அதுவே கட்டை. வெட்டிய புதிதில் மஞ்சளாயிருந்து, வயது ஏறஏறச் செம்பழுப்பாக மாறும். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவே வீணைக்கு உத்தமம் என்று பழைய தச்சர் சொல்வதுண்டு. மணியோசை மரத்துக்குள் இறங்குமோ இறங்காதோ, பல்லாண்டு நின்று முதிர்ந்த மரம் வேண்டும் என்பது அச்சொல்லின் பொருளாயின் அதில் உண்மை உண்டு.

வீணையில் இருவகை உள. குடம், தண்டி என்பவற்றை ஒரே மரத்திற் குடைந்து செய்வது ஏகாந்த வீணை. அவற்றைத் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. ஆந்திர தேசத்துப் பொப்பிலி வீணையும் ஒரே பலாக்கட்டையிற் குடைவதே. தந்தியின் அதிர்வு பொருத்தினால் தடைப்படாமல் மரம் முழுவதும் ஓடும் என்பதனால் ஏகாந்தத்துக்கு மதிப்பும் அதிகம், விலையும் அதிகம். காலம் செல்லச்செல்லப் பொருத்து விடுமோ என்ற அச்சமும் அதில் இல்லை.

எல்லாவற்றினும் எம்மை வியப்பில் ஆழ்த்தியது குதிரை. வீணையின் தந்தி கிற்றாரிற்போல் கூரிய விளிம்பின்மேற் கிடப்பதன்று. சற்றே வளைந்த உலோகத் தகட்டினைத் தடவிக்கொண்டு கிடக்கின்றது. சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தார். சாதாரணமாக ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகின்றோமோ, அந்த இடத்துக்குரிய சில உபசுரங்கள் எழாது போதல் இயற்கை. வீணையிலும் தம்புராவிலுமோ, எழாது போகவேண்டிய உபசுரங்களும் வளைந்த குதிரையின் உதவியால் எழுந்து ஒலிக்கின்றன என்று அவர் கண்டார். வீணை நாதத்தில் நாம் உணரும் அந்த ரீங்காரத்துக்கு இதுவே காரணம். உள்ளங்கையளவு தகட்டை மயிரிழை பிசகாது இராவி அமைக்கும் கை ஒரு பக்கம். குடம் நிறையக் கொடியும் பூவும் செதுக்கும் கை ஒரு பக்கம். இரண்டும் திறமையே. எனினும், நாதம் முன்னதன் வேலை.

இவ்வாறு புத்தக ஞானத்துடன் பலாலியில் விமானம் ஏறிச் சென்னை வழியாகத் தஞ்சாவூர் சேர்ந்தோம். பெரிய கோயிலைத் தரிசித்த பின்னர் ஒரு பட்டறைக்குச் சென்றோம். தரையெங்கும் மஞ்சள் நிறப் பலாச் சீவல். சுவரோரம் பாதி குடைந்த குடங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. முதியவராகிய தச்சர் எமது கதையைப் பொறுமையுடன் கேட்டார். பின்னர் மூன்று வீணைகளை எடுத்துவைத்தார்.

முதலாவது, கண்ணாடி மெருகிட்ட ஏகாந்தம். அதில் வெண்ணிறப் பூவேலை நிறைந்திருந்தது. முற்காலத்தில் அத்தகைய வேலைக்கு யானைத் தந்தமும் மான்கொம்பும் பயன்பட்டன. 1989ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் முடிவெடுத்த பின்னர், இன்று பதிப்பது பெரும்பாலும் பிளாஸ்திக்குத் தகடே. இரண்டாவது, வேலைப்பாடு குறைந்த ஏகாந்தம். மூன்றாவது, ஓர் ஒட்டு வீணை. மெல்லிய மெருகு ஒன்று தவிர அலங்காரம் ஏதுமில்லை. முதலாவதன் அருகில் அது திருமண வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து நேரே வந்துவிட்ட உறவினர்போற் காட்சியளித்தது.

எமது கண் எங்கே போயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பட்ட பின்னரும் புத்தி வரவில்லை. முதலாவதை நோக்கிக் கை நீட்டினோம்.

தச்சர் சிரித்தார். "ஐயா, முதல்ல காதால பாருங்க. கண்ணால அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

பிள்ளையைச் சுவரை நோக்கி அமரச் செய்தார். மூன்றுக்கும் ஒரேவகைத் தந்தி, ஒரே சுருதி. அவருடைய மகன் ஒவ்வொன்றிலும் அதே நான்கு தந்திகளையும், அதே வரிசையையும், அதே கமகத்தையும் வாசித்தார். பிள்ளை விரல்விட்டு எண்ணி, ஒவ்வொரு சுரமும் எத்துணை நேரம் நின்று தேய்கின்றது என்று கேட்டாள். முடிவில், "ரெண்டாவதா வாசிச்சதுதான்" என்றாள். வீணைகளின் முறையை மாற்றி மீண்டும் வாசித்தார்கள். இம்முறை, "கடைசியா வாசிச்சது" என்றாள். நாம் நிமிர்ந்து பார்த்தோம். இருமுறையும் அவள் தெரிந்தது தோட்டத்து உறவினரையே.

எமக்கு இரட்டைத் திகைப்பு. மினுக்கம் தோற்றது ஒருபுறமிருக்க, புத்தகம் புகழ்ந்த ஏகாந்தமும் அல்லவா தோற்றுவிட்டது! தச்சரிடம் காரணம் கேட்டோம். "ஏகாந்தம் ரெண்டும் நல்ல கட்டைதான். இன்னும் காயணும். இந்த ஒட்டு வீணைக் குடம் பல வருஷம் காய்ஞ்சு கிடந்த கட்டை. மேல்பலகையும் மெல்லிசா வாய்ச்சுது" என்றார். கட்டை ஒன்றா இரண்டா என்பது ஒரு கேள்வி. அது எவ்வாறு காய்ந்தது, எவ்வளவு மெல்லிதாகக் குடையப்பட்டது என்பவை வேறு கேள்விகள். முதற் கேள்விக்கு விடையை விலைச்சீட்டு சொல்லும். மற்றவற்றுக்குக் காதே விடை சொல்ல வேண்டும்.

மெருகைப் பற்றியும் தச்சர் ஒரு சொல் சொன்னார். மெருகு தேவையே. அஃதில்லாவிடின் கைவியர்வையும் ஈரக்காற்றும் மரத்திற் புகுந்துவிடும். கடற்காற்று வீசும் எமது குடாநாட்டுக்கு அது இன்னும் அவசியம். ஆயின் அது தோல்போல் இருக்கவேண்டும், போர்வைபோல் இருத்தலாகாது. மேல்பலகைமீது தடித்த மெருகு ஏறினால் பலகை தாராளமாக அதிராது. மக்கும் தடித்த மெருகும் எத்தனை வெடிப்புகளை மறைக்கும் என்பதை எமது மயில் முன்னரே போதித்திருந்தது.

ஒட்டு வீணையை வாங்கினோம். முதலாவதன் விலையிற் பாதியும் ஆகவில்லை.

இனிக் கொக்குவில் அன்பரின் கேள்விக்கு வருவோம். கிற்றாரின் மேல்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் அல்லது சீடர் என்னும் மென்மரம். பின்பலகையும் பக்கப்பலகையுமே ஈட்டி, மகோகனி, மேப்பிள் எனப் பலவாகும். கடைக்காரர்கள் சண்டையிடுவது இப்பின்பலகையைக் குறித்தே. பிரேசில் நாட்டு ஈட்டி மரம் அருகிப் போனமையால் 1992ஆம் ஆண்டில் அதன் சர்வதேச வணிகம் தடைப்பட்டது. அதன்பின் அம்மரத்தாலாகிய கிற்றாருக்கு மதிப்பு வானளாவிற்று.

ஆயின், ஸ்பெயின் தேசத்துக் கிற்றார்ச் சிற்பி அந்தோனியோ டி தொறெஸ் என்பவர் 1862ஆம் ஆண்டிலேயே ஒரு வேடிக்கை செய்து காட்டினார். நல்ல மேல்பலகை ஒன்றை எடுத்து, பின்புறத்தையும் பக்கங்களையும் வெறும் காகிதக் கூழினால் அமைத்துக் கிற்றார் ஒன்று செய்தார். நாதத்தின் உயிர் மேல்பலகையிலேயே உண்டு என்பது அவர் கட்சி. அந்தக் கிற்றார் பார்சலோனா நகர இசை நூதனசாலையில் உள்ளது.

அண்மையிலும் ஒரு சோதனை நிகழ்ந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் பின்பலகை மரத்தில் மாத்திரம் வேறுபட்ட ஆறு கிற்றார்களைச் செய்வித்து, 52 கிற்றார்க் கலைஞரிடம் கொடுத்தனர். எந்த மரம் என்று தெரியாதிருக்கும் பொருட்டு மங்கிய ஒளியில், இரும்பு ஒட்டுவோர் அணியும் கறுப்புக் கண்ணாடியை அணிவித்து வாசிக்கச் செய்தனர். 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாது? அருமையான பிரேசில் ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்கும் கலைஞர்கள் வழங்கிய மதிப்பில் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. தஞ்சாவூர்த் தச்சர் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். இங்கிலாந்துப் பேராசிரியர்கள் கறுப்புக் கண்ணாடி அணிவித்தனர். உத்தி ஒன்றே.

ஆகவே அன்பரே, பின்பலகையின் பெயருக்காக அதிக பணம் கொடாதீர். மேல்பலகை ஒரே மரப்பலகையா, ஒட்டுப்பலகையா என்று முதலிற் பாரும். நடுத்துவாரத்தின் விளிம்பில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழாகத் தொடர்ந்தால் அது பெரும்பாலும் முழுமரம், அடுக்கடுக்காய்த் தெரிந்தால் ஒட்டுப்பலகை. கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் நோக்கி வளைவு உண்டா என்று பாரும். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் வாசிக்கச் சொல்லி இரைச்சல் உண்டா என்று கேளும். தந்தி அதிக உயரத்தில் நின்றால் பையனின் விரல் நோகும். நோகும் விரல் நெடுநாள் பயிலாது. இவையெல்லாம் பார்த்த பின்னர், வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று, பையனைத் திரும்பி நிற்கச் செய்து, காதினால் தெரியச் சொல்லும். அதன்பின் மிஞ்சும் இரண்டில் எது மினுங்குகின்றதோ அதனை அவன் எடுத்துக்கொள்ளட்டும். கண்ணுக்கும் ஒரு பங்கு கொடுக்கத்தானே வேண்டும்!

இம்மண்ணில் இதனை எழுதும்போது ஓர் எண்ணம் எழுகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மறைந்துபோன யாழைத் தேடிப் பல்லாண்டு உழைத்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றிவிட்டு, அடுத்த மாதமே மறைந்தார். அந்த யாழின் பெயரையே எமது ஊர் தாங்கி நிற்கின்றது. பார்வையற்ற பாணன் ஒருவன் அரசன் முன் யாழ் மீட்டி, இந்த மணற்றிடலைப் பரிசிலாகப் பெற்றான் என்பது கர்ணபரம்பரைக் கதை. வரலாற்று ஆசிரியர்கள் அதனை ஏற்பினும் மறுப்பினும், ஒன்று நிச்சயம்: அப்பாணன் தன் யாழை மெருகு பார்த்துத் தெரிந்திருக்க மாட்டான்.

சென்ற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்காக மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து வந்தார். வாகனம் படலையில் நின்றபோது பிள்ளை உள்ளே பயின்றுகொண்டிருந்தாள். இப்பொழுதெல்லாம் அவளை ஒருவரும் ஏவுவதில்லை. நிறுத்துவதற்கே ஏவ வேண்டியிருக்கிறது. மைத்துனர் பெட்டியை இறக்கவும் மறந்து, மல்லிகைப் பந்தலின் கீழ் அப்படியே நின்றார். வாசிப்பு ஓயும்வரை அசையவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

பின்னர் உள்ளே வந்து வீணையைப் பார்த்தார். சுற்றிச்சுற்றிப் பார்த்தார். எம்மைத் தனியே அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் வினவினார்:

"மச்சான், எல்லாம் சரி. இதுக்குக் கொஞ்சம் பொலிஷ் போட்டால் என்ன?"